மூலக்கூறுக் கூண்டுக்குள் விருந்தாளியை அடைப்பது எப்படி? இரும்புக் கூண்டில் தொடங்குபவர்களுக்கு

மூலக்கூறுக் கூண்டு என்பது உள்ளே வெற்றிடம் கொண்ட பெரிய மூலக்கூறு; அந்த இடத்தில் போய் உட்காரும் சிறு மூலக்கூறுதான் விருந்தாளி. கூண்டு என்றதும் பலரும் அதைக் கட்டுவதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் கட்டுவதில் நம் கைவேலை பாதி நாள்தான், மீதி காத்திருப்பு. சரியான பொருட்களைச் சரியான விகிதத்தில் தண்ணீரில் போட்டால் அது தானே கூடிக்கொள்ளும். உள்ளே விருந்தாளி மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறதா, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா, குழாயின் சுவரில் எண்ணெய்த்துளியாகத் தொங்குகிறதா என்று பிரித்துச் சொல்வதில்தான் நாட்கள் போகும். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கமே கூடுதலாகச் சாய்ந்திருக்கும்.

மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடி உருவாக்கும் அமைப்புகளைப் படிக்கும் மீமூலக்கூற்று வேதியியலில் கூண்டுகள் ஏராளம். புதிதாக வருபவருக்கு நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று: வேதியியலாளர் ஜொனாதன் நிட்ச்கேயின் குழு 2008-இல் வெளியிட்ட, நான்கு இரும்பு அயனியும் ஆறு ஈனியும் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) கொண்ட நான்முகிக் கூண்டு. தண்ணீரில் கரையும், ஒரே குடுவையில் உருவாகும், கட்டி முடித்தபின் காற்றுக்கு அஞ்சாது, விலை உயர்ந்த பல்லேடியம் உலோகத்தை வாங்கப் பணம் தேட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, 2009-இல், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் வெண்பாஸ்பரஸை இதே கூண்டில் அடைத்துக் காற்றில் வைத்துக் காட்டினார்கள். அதைப் பின்னால் பார்ப்போம். நீங்கள் செய்து பார்க்க அல்ல.

கூண்டின் அமைப்பு

ஒரு நான்முகியை மனத்தில் கொள்ளுங்கள். நான்கு முனைகளில் நான்கு ஃபெரஸ் அயனிகள் (பிளஸ் 2 மின்சுமை கொண்ட இரும்பு). ஆறு விளிம்புகளில் ஆறு ஈனிகள். ஒவ்வொரு ஈனியின் நடுவிலும் ஒரு பைஃபினைல் தண்டு, அதாவது இணைந்த இரண்டு பென்சீன் வளையங்கள். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பிரிடீன்-இமீன் கவ்வி. ஒரு கவ்வி இரண்டு நைட்ரஜன்களால் இரும்பைப் பிடிக்கும். ஒரு முனையில் மூன்று விளிம்புகள் சந்திப்பதால் ஒவ்வொரு இரும்புக்கும் ஆறு நைட்ரஜன் கிடைத்து, அதன் அணைவு எண் நிறைவடைகிறது. பைஃபினைல் தண்டில் உள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு தண்ணீரில் கரைய உதவுகின்றன. உட்புறம் எண்ணெய்த்தன்மை கொண்டது.

மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். ஈனிக்கு இரண்டு சல்ஃபோனேட் வீதம் ஆறு ஈனிக்கு மைனஸ் 12, நான்கு இரும்புக்கு பிளஸ் 8. மிச்சம் மைனஸ் 4. அதைச் சமன் செய்ய நான்கு டெட்ராமெத்தில் அம்மோனியம் அயனிகள். இந்த 4 என்ற எண் பிறகு தூய்மையைச் சோதிக்க உதவும்.

ஈனியைத் தனியாகச் செய்து பிரித்தெடுக்க வேண்டியதில்லை. தண்டாகும் டைஅமீனும் பிரிடீன் தரும் ஆல்டிஹைடும் இரும்பும் ஒன்றாகக் கிடந்தால் இமீன் பிணைப்பும் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) இரும்பைப் பிடிக்கும் அணைவுப் பிணைப்பும் சேர்ந்தே உருவாகும். இரண்டும் மீள் பிணைப்புகள். தவறாகச் சேர்ந்தது பிரிந்து மறுபடி சேரும். கடைசியில் நிலைப்பது அதிக நிலைத்தன்மை கொண்ட அமைப்புதான். அதனால்தான் சூடும் நேரமும் தேவைப்படுகின்றன. அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் நிறுத்தினால் திருத்தம் முடியாத கலவைதான் கையில் கிடைக்கும்.

பாட்டில்களைச் சரிபாருங்கள்

முதல் தடவை தோற்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். அது தெரிவதுதான் கடைசியில். 0.10 மில்லிமோல் கூண்டுக்கான கணக்கு இது:

- 4,4'-டைஅமினோபைஃபினைல்-2,2'-டைசல்ஃபோனிக் அமிலம்: 0.60 மில்லிமோல், 206.6 மி.கி. (தூய எடை)
- 2-ஃபார்மைல்பிரிடீன்: 1.20 மில்லிமோல், 128.5 மி.கி., அதாவது சுமார் 114 மைக்ரோலிட்டர்
- ஃபெரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட்: 0.40 மில்லிமோல், 111.2 மி.கி.
- டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு பென்டாஹைட்ரேட்: 1.20 மில்லிமோல், 217.5 மி.கி. (25 சதவீதக் கரைசலாக இருந்தால் 437 மி.கி. எடை போடுங்கள், அளவுக் குழாயில் அளக்காதீர்கள்)
- காய்ச்சி வடித்த நீர், 10 மி.லி.

டைஅமீன் பாட்டிலின் சீட்டை நன்றாகப் படியுங்கள். இது பெரும்பாலும் ஈரத்தோடுதான் விற்பனைக்கு வருகிறது. சீட்டில் 70 சதவீதம் என்றிருந்தால் 206.6 அல்ல, 295 மி.கி. எடுக்க வேண்டும். சீட்டை நம்ப மனமில்லை என்றால் தரப்படுத்திய சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு ஒரு சிறு தரம்பார்த்தல் செய்துவிடுங்கள். ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம். அரை மணி நேர வேலை, ஒரு வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும். டைஅமீன் குறைந்தால் என்ன ஆகும்? காரம் மிஞ்சும், ஆல்டிஹைடு மிஞ்சும், இரும்பு மிஞ்சும். மிஞ்சிய காரத்தில் மிஞ்சிய இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்ந்து, பச்சையாகத் தொடங்கிப் பழுப்பாகும்.

2-ஃபார்மைல்பிரிடீன் புதிதாக இருக்கையில் நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். தேன் நிறம் தாண்டிப் பழுப்பாகியிருந்தால் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து பிக்கோலினிக் அமிலமாகியிருக்கும். அந்த அமிலமும் இரும்பைக் கவ்வக்கூடியது. கூண்டோடு போட்டி போடும். குறைந்த அழுத்தத்தில் ஒருமுறை காய்ச்சி வடித்துவிட்டு, நைட்ரஜன் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஃபெரஸ் சல்ஃபேட் வெளிர் நீலப்பச்சைப் படிகங்களாக இருக்க வேண்டும். மேலே காவித்தூள் படிந்திருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்த ஃபெரிக் இரும்பு. சுரண்டிவிட்டு உள்ளிருப்பதை எடுப்பது ஒப்பேற்றும் வழி. புதுப் பாட்டில் திறப்பது மேல்.

டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடை வெறும் காரம் என்று அலட்சியமாகக் கையாளாதீர்கள். அடர்கரைசல் தோலில் பரவலாகப் பட்டதால் உயிரிழந்தவர்கள் உண்டு. அரிப்புப் புண்ணோடு நின்றுவிடாமல் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தியைக் குலைத்து மூச்சை நிறுத்தும். தடித்த கையுறை, கண்ணாடி, முழுக்கை கோட் கட்டாயம். டைஅமீன் பென்சிடீன் குடும்பத்தைச் சேர்ந்தது. சல்ஃபோனேட் ஏறியதால் தாய்ச்சேர்மத்தின் அளவு ஆபத்து இல்லை என்றாலும், தூளை ஃப்யூம் ஹூடுக்கு வெளியே எடை போடக்கூடாது.

கட்டுதல்

1. 25 மி.லி. ஷ்லெங்க் குடுவையில் (வெற்றிடமும் நைட்ரஜனும் இணைக்கப் பக்கக்குழாய் உள்ள குடுவை) டைஅமீனைப் போட்டு 8 மி.லி. நீர் ஊற்றுங்கள். கரையாது, சாம்பல் கலந்த வெண்மையாகக் கலங்கி நிற்கும். அதுதான் சரி.

2. காரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கலக்குங்கள். அமிலம் உப்பாக மாறமாற கலங்கல் தெளியும். கடைசிச் சொட்டோடு தெளிவான கரைசல் கிடைத்தால் உங்கள் எடை சரி என்பதற்கு முதல் சான்று. பிஹெச் தாளில் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பாதிக் காரத்திலேயே தெளிந்து, மீதியைச் சேர்த்ததும் தாள் கருநீலமானால் டைஅமீன் குறைவு. இங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். இரும்பு போட்ட பிறகு திருத்த வழியில்லை.

3. ஆல்டிஹைடைச் சிரிஞ்சில் எடுத்துச் சேருங்கள். கரைசல் மஞ்சளாகும்.

4. இப்போது காற்றை வெளியேற்றுங்கள். மூன்று முறை வெற்றிடம்-நைட்ரஜன் மாற்றலாம், அல்லது 30 நிமிடம் நைட்ரஜனைக் குமிழியிடலாம். பலூன் மட்டும் வைத்துவிட்டுக் காற்று போயிற்று என்று நினைப்பது சரியல்ல. பலூன் புதுக்காற்று வராமல்தான் தடுக்கும், நீரில் கரைந்திருப்பதை எடுக்காது.

5. ஃபெரஸ் சல்ஃபேட்டை, காற்று நீக்கிய 2 மி.லி. நீரில் கரைத்து, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஊற்றிய நொடியே அடர் ஊதா.

6. 50 டிகிரியில் 20 மணி நேரம் கலக்குங்கள்.

இரும்பை ஏன் கடைசியில் சேர்க்கிறோம் என்று கேட்கலாம். தனியாகக் காரத்தோடு நிற்கும் ஃபெரஸ் அயனி சொற்ப ஆக்சிஜனிலேயே ஃபெரிக்காகிவிடும். கவ்விகள் தயாராகக் காத்திருக்கையில் உள்ளே வந்தால் ஆறு நைட்ரஜன்களுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் காற்றுக் கவலை பெரிதாக இல்லை.

ஆறவிட்டு, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். வடிகட்டியில் காவிக்கறை கொஞ்சம் தங்கினால் பரவாயில்லை. நிறையத் தங்கினால் காற்று புகுந்திருக்கிறது.

அடுத்து அசிடோன். வடிநீரைக் கலக்கிக்கொண்டே அசிடோனை மெதுவாகச் சேர்த்தால் கூண்டு ஊதாத் தூளாக வீழும். நல்ல படிகம் வேண்டுமானால் சிறு குப்பியில் கரைசலை வைத்து, அசிடோன் உள்ள பெரிய பாட்டிலுக்குள் இறக்கி மூடிவிடுங்கள். அசிடோன் ஆவி தானே ஊறி வரும். வேகமாக ஊற்றினால் டெட்ராமெத்தில் அம்மோனியம் சல்ஃபேட்டும் சேர்ந்தே விழும். இதை ஒதுக்கத்தான் அந்த மெதுவான கை. தூளை அசிடோனில் கழுவி வெற்றிடத்தில் உலர்த்துங்கள். படிக நீரைக் கணக்கில் கொள்ளாமல் முழு விளைச்சல் என்றால் 364 மி.கி.

கட்டியது கூண்டுதானா?

நிறத்தை நம்பாதீர்கள். ஊதா நிறம் சொல்வது ‘இரும்பு இமீன்-பிரிடீன்களால் பிடிக்கப்பட்டிருக்கிறது’ என்பதை மட்டுமே. உடைந்த கூண்டின் துண்டும் அதே நிறம் காட்டும்.

கனநீரில் புரோட்டான் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் வரைபடம்) எடுங்கள். கூண்டின் சமச்சீரால் ஆறு ஈனிகளும் ஒன்றுபோல. ஒவ்வொரு ஈனியின் இரு பாதிகளும் ஒன்றுபோல. ஆகவே பாதி ஈனியின் புரோட்டான்களுக்கு மட்டுமே பீக் வரும்: பிரிடீனில் 4, இமீனில் 1, பைஃபினைல் வளையத்தில் 3. மொத்தம் 8. ஒவ்வொன்றின் பரப்பும் 12 புரோட்டான். இரும்பு தாழ்சுழல் நிலையில் இருப்பதால் காந்தத்தன்மை இல்லாமல் பீக்குகள் கூர்மையாக வரும். எல்லாமே அகன்று மலைபோல் வந்தால் ஃபெரிக் கலந்திருக்கிறது; மறுபடி வடிகட்டி அசிடோனில் வீழ்த்துங்கள். 10 பிபிஎம் அருகே தனிப்பீக் இருந்தால் வினைபுரியாத ஆல்டிஹைடு.

இப்போது அந்த 4 என்ற எண். ஒரு கூண்டுப் பீக்கை 12 என்று வைத்துவிட்டு, டெட்ராமெத்தில் அம்மோனியம் பீக்கின் பரப்பைப் பாருங்கள். நான்கு அயனி, ஒன்றுக்கு 12 புரோட்டான். 48 வர வேண்டும். சுத்திகரிக்காத வினைக்கரைசலில் 144 வரும், ஏனென்றால் போட்ட 12 அயனிகளில் 8 சல்ஃபேட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் தூளில் 70, 80 என்று வந்தால் சல்ஃபேட் உப்பு ஒட்டியிருக்கிறது. குறைந்த நீரில் கரைத்து மறுபடி வீழ்த்த வேண்டும்.

நிறைமானியில் எதிர்மின் முறையில் 836.6 என்ற நிறை-மின்சுமை விகிதத்தில் நான்கு மின்சுமை கொண்ட கூண்டு தெரியும். ஒரு புரோட்டானோடு மூன்று மின்சுமை என்றால் 1115.9. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு இரும்பும் மூன்று ஈனியும் சேர்ந்த சுருள் அமைப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிறை பாதி, மின்சுமையும் பாதி. அதுவும் 836.6-இல்தான் விழும். எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ஐசோடோப்பு வரிசையின் இடைவெளியை அளந்து பாருங்கள்: 0.25 என்றால் கூண்டு, 0.5 என்றால் சுருள். அந்தச் சுருளும் என்.எம்.ஆரில் 8 பீக்குகள் தரக்கூடும் என்பதால் இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

யாரை உள்ளே விடலாம்?

கூண்டின் உள்வெளி சுமார் 140 கன ஆங்ஸ்ட்ராம். வேதியியலாளர்கள் மெக்கோட்ஸி, ரெபெக் இருவரும் 1998-இல் சொன்ன விதி இங்கே கைகொடுக்கும்: உள்வெளியில் சுமார் 55 சதவீதத்தை விருந்தாளி நிரப்பினால் பிடிப்பு நன்றாக இருக்கும், 9 சதவீதம் முன்பின் போகலாம். 140-இல் 55 சதவீதம் 77. பென்சீனின் வான்டர்வால்ஸ் கனஅளவு சுமார் 80, பொருந்துகிறது. சைக்ளோபென்டேன் 85, அதுவும் சரி. சைக்ளோஹெக்ஸேன் 100-ஐத் தொடும். விதிப்படி நெருக்கடி, ஆனால் நன்றாகவே போய் உட்காருகிறது. கூண்டு கல்லால் ஆனது அல்ல, கொஞ்சம் நெளியும். கனஅளவைக் கணக்கிடும் முறைக்கு முறை எண்ணும் மாறும். எனவே அந்த விதியைத் தேர்வுப்பட்டியல் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு சொல்ல அல்ல.

அளவை விட முக்கியம் தண்ணீரோடு உள்ள பகை. உள்ளே அடைபட்ட நீர் மூலக்கூறுகளுக்கு வெளியில் கிடைக்கும் அளவு ஹைட்ரஜன் பிணைப்புகள் கிடைப்பதில்லை. எண்ணெய்த்தன்மையுள்ள ஒன்று வந்தால் அவை வெளியேறிப் பெருநீரில் கலக்கும். வந்த மூலக்கூறும் நீரிலிருந்து தப்பித்துக்கொள்ளும். இருவருக்கும் லாபம். ஒரே அளவுள்ள இரண்டு மூலக்கூறுகளில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளதற்கு வெளியே நீரோடு இருப்பதே சுகம்.

சில பொருட்கள் விருந்தாளியாக வராமல் கூண்டையே இடித்துவிடும். முதல்நிலை அலிஃபாட்டிக் அமீன்கள் இமீனில் இருக்கும் அரோமாட்டிக் அமீனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். டிரிஸ் தாங்கற்கரைசலும் முதல்நிலை அமீன்தான். உயிர்வேதியியல் பழக்கத்தில் யாராவது அதை எடுத்துவந்தால் தடுத்துவிடுங்கள். ஈடிடிஏ இரும்பைப் பறிக்கும். வலுவான அமிலம் இமீனை நீராற்பகுக்கும்.

முதல் முயற்சிக்கு சைக்ளோஹெக்ஸேன். பென்சீன் போல நச்சு அதிகமில்லை, சைக்ளோபென்டேன் போல 49 டிகிரியிலேயே கொதித்துப் பறக்காது, என்.எம்.ஆரில் ஒரே ஒரு பீக். இன்னொரு வசதியும் உண்டு, கீழே வருகிறது.

அடைத்தல்

திருகுமூடி உள்ள என்.எம்.ஆர். குழாயை எடுங்கள். அசிடோனில் கழுவிய குழாயை வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தவும்; மிஞ்சும் அசிடோன் 2.2 பிபிஎம்-இல் பெரிய பீக்காக நின்று கண்ணை உறுத்தும். 4 மி.கி. கூண்டை 0.5 மி.லி. கனநீரில் கரையுங்கள், சுமார் 2 மில்லிமோலார். முதலில் விருந்தாளி இல்லாமல் ஒரு வரைபடம் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் பிறகு எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

பிறகு 2 மைக்ரோலிட்டர் சைக்ளோஹெக்ஸேன். மூலக்கூறு எண்ணிக்கையில் கூண்டைப் போலச் சுமார் 18 மடங்கு. மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 50 டிகிரி நீர்த்தொட்டியில் ஓரிரவு வையுங்கள். நடுவில் ஓரிரு முறை எடுத்துக் குலுக்குங்கள். சைக்ளோஹெக்ஸேன் நீரில் கரைவது லிட்டருக்குச் சுமார் 55 மி.கி.தான், மேலே மிதக்கும் படலம் சேமிப்புக் கிடங்கு போல. கரைந்தது உள்ளே போகப் போக மேலிருந்து மீண்டும் கரையும். குலுக்காமல் விட்டால் அந்த இடமாற்றம் மிக மெதுவாகும். ‘என் கூண்டு பிடிக்கவில்லை’ என்று வருபவர்களில் பலர் குலுக்காதவர்களே.

ரப்பர் செப்டம் போட்ட குப்பி வேண்டாம். ரப்பர் ஹைட்ரோகார்பனைக் குடிக்கும். பாராஃபிலிமும் வேண்டாம், அதில் ஊறிப் போய்விடும். 31 டிகிரியில் கொதிக்கும் ஃபியூரானைப் பயன்படுத்தும்போது சூடே வேண்டாம். அறை வெப்பத்தில் கூடுதல் நேரம் கொடுங்கள்.

உள்ளே இருக்கிறதா?

ஆறவிட்டு, சுவரில் ஒட்டிய துளிகள் மேலேறும் வரை குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு வரைபடம் எடுங்கள். என்.எம்.ஆர். கருவியின் உணர்சுருள் (காயில்) இருக்கும் உயரத்தில் துளி ஒட்டியிருந்தால் அகன்ற பீக் ஒன்று கூடுதலாக வந்து குழப்பும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. தனி சைக்ளோஹெக்ஸேன் 1.4 பிபிஎம் பக்கம் இருக்கும். உள்ளே போனது அரோமாட்டிக் சுவர்களின் நிழலில் உட்கார்ந்திருப்பதால் வலப்பக்கம், அதாவது மேல்புலத்துக்கு, கணிசமாகத் தள்ளிப் புதிய பீக்காக நிற்கும். இரண்டும் தனித்தனியே தெரிவதற்குக் காரணம் உள்-வெளிப் போக்குவரத்து மெதுவானது. வேகமாக நடக்கும் அமைப்புகளில் ஒரே பீக் சராசரி இடத்தில் நகர்ந்து நிற்கும். அங்கே கணக்கு வேறு. கூடவே கூண்டின் பீக்குகளும் சற்று நகர்ந்திருக்கும். காலிக் கூண்டுக்கும் நிரம்பிய கூண்டுக்கும் தனித்தனித் தொகுதி தெரிவதும் உண்டு.

பரப்பு எண்ணிக்கைதான் சைக்ளோஹெக்ஸேனின் அந்த வசதி. அதற்கும் 12 புரோட்டான், கூண்டின் ஒவ்வொரு பீக்குக்கும் 12 புரோட்டான். கூண்டுப் பீக்கை 12 என்று வைத்தால் உள்ளிருக்கும் விருந்தாளியின் பீக்கும் 12 காட்டினால் கூண்டுக்கு ஒருவர், முழு நிரப்பல். 9 காட்டினால் நான்கில் மூன்று கூண்டுகள் நிரம்பியிருக்கின்றன. பென்சீன் என்றால் முழு நிரப்பலுக்கு 6, சைக்ளோபென்டேனுக்கு 10. 24 வந்தால் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று துள்ளாதீர்கள். இவ்வளவு சிறிய வீட்டில் இருவருக்கு இடமில்லை. அடித்தளக் கோடு சரியில்லை அல்லது வேறு பீக் மேலே விழுந்திருக்கிறது.

பரப்பு நம்பகமாக வர, துடிப்புகளுக்கு இடையே போதிய காத்திருப்பு நேரம் தேவை. வெளியில் சுதந்திரமாகச் சுற்றும் சிறு மூலக்கூறு மெதுவாகத்தான் தளர்ந்து பழைய நிலைக்கு வரும். இயல்பாக இருக்கும் 1, 2 நொடி அமைப்பில் அதன் பரப்பு குறைத்துக் காட்டும். கூண்டையும் உள்ளிருப்பதையும் ஒப்பிட 10 நொடி போதும். வெளியில் உள்ளதையும் எண்ண வேண்டுமானால் ஒரு நிமிடம் வரை கொடுங்கள்.

அளவுகோலாக டையாக்ஸேன், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்றவற்றைக் கரைசலிலேயே கலக்க வேண்டாம். அவையே உள்ளே நுழையக்கூடிய அளவுதான். கண்காணிக்க வந்தவனே வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் எதை அளப்பது? மூடிய நுண்குழாயில் தனியாக வையுங்கள்.

இடம் நகர்ந்த பீக்கும் சரியான பரப்பும் மட்டும் போதாது என்று கேட்பவர்களுக்கு இன்னும் இரண்டு சான்றுகள். டோசி எனப்படும் விரவல் என்.எம்.ஆரில் உள்ளே இருப்பது கூண்டின் அதே வேகத்தில் விரவ வேண்டும். தனி சைக்ளோஹெக்ஸேன் அதைவிடப் பல மடங்கு வேகம். விருந்தாளியும் கூண்டும் ஒரே கோட்டில் வந்தால் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. ஆனால் வெளிச்சுவரில் இறுக ஒட்டியதும் அப்படித்தான் காட்டும். அதனால் கடைசிச் சான்று உடைப்பது: கூண்டை வேண்டுமென்றே உடைத்ததும் நகர்ந்த பீக் மறைந்து 1.4-க்குத் திரும்ப வேண்டும்.

வெளியே விடுதல்

உடைக்க நயமான வழி, டிரிஸ்(2-அமினோஎத்தில்)அமீன். ஒரு மூலக்கூறில் மூன்று முதல்நிலை அமீன்கள். கூண்டில் 12 இமீன்கள். நான்கு மூலக்கூறு போட்டால் கணக்குக் கச்சிதம்: ஒவ்வொரு இரும்பையும் அதன் மூன்று பிரிடீன்-இமீன்களோடு ஒரே ஈனியாகச் சுற்றிக் கட்டிவிடும். டைஅமீன் விடுதலையாகிக் கரைசலில் நிற்கும். குழாயில் உள்ள 1 மைக்ரோமோல் கூண்டுக்கு 4 மைக்ரோமோல், 0.58 மி.கி.; இதை நேரே எடை போட முடியாது, கனநீரில் இருப்புக் கரைசல் செய்து சொட்டுங்கள். கவனியுங்கள், உடைந்த பிறகும் கரைசல் ஊதாவாகவே இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். இந்த உடைப்பு திரும்பாது.

திரும்பக்கூடிய பூட்டு வேண்டுமானால் அமிலம். பாரா-டொலுயீன்சல்ஃபோனிக் அமிலம் சேர்த்தால் கூண்டு திறந்து ஊதா மங்கும். காரத்தால் சமன் செய்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு கூடிக்கொண்டே போகும், திறந்திருக்கும் நேரத்தில் இரும்பு காற்றுக்கு இலக்காகும். நைட்ரஜனுக்குக் கீழே செய்யுங்கள்.

மூன்றாவது வழி, கூண்டைத் தொடாமல் ஆளை மட்டும் மாற்றுவது. இருப்பவரைவிடக் கூண்டுக்குப் பிடித்த ஒருவர் வந்தால் அவர் உள்ளே, முன்னவர் வெளியே. இப்படிப் போட்டி வைத்துத்தான் பிடிப்பு வலிமைகளை ஒப்பிட முடியும்: உள்ளிருக்கும் முதலாமவர் அளவை வெளியிலிருக்கும் இரண்டாமவர் அளவால் பெருக்கி, உள்ளிருக்கும் இரண்டாமவர், வெளியிலிருக்கும் முதலாமவர் இரண்டின் பெருக்கலால் வகுங்கள். வெளியே என்பது நீரில் கரைந்திருப்பது மட்டும். மேலே மிதப்பதைச் சேர்த்துவிட்டால் விடை தாறுமாறாகும். பென்சீன் லிட்டருக்குச் சுமார் 1.8 கிராம் கரையும், சைக்ளோஹெக்ஸேன் அதில் முப்பதில் ஒரு பங்குதான் என்பதை மறந்தால் பென்சீனே வென்றதாகத் தப்புக்கணக்கு வரும். சமநிலை வந்துவிட்டதா என்று அறிய இரண்டு குழாய்கள் வையுங்கள்: ஒன்றில் முதலில் அ, பிறகு ஆ, மற்றதில் முதலில் ஆ, பிறகு அ. இரண்டும் ஒரே விகிதத்துக்கு வரும் வரை எடுத்த எண்களை எழுத வேண்டாம்.

அடைத்தால் என்ன பயன்

வெண்பாஸ்பரஸ் கதை இங்கே பொருந்தும். ஆக்சிஜன் சிறியது, கூண்டுக்குள் தாராளமாக நுழையும். அப்படியிருந்தும் பாஸ்பரஸ் எரியவில்லை. ஆக்சிஜன் சேர்ந்தால் உருவாக வேண்டிய இடைநிலைப் பொருளுக்கு உள்ளே இடம் போதாது என்பதுதான் விளக்கம். கதவு பூட்டியிருக்கத் தேவையில்லை, உள்ளே கை வீச இடமில்லாமல் இருந்தாலே போதும். பென்சீன் சேர்த்ததும் பாஸ்பரஸ் வெளியேறியது. புதியவர்கள் இதை முயலவே வேண்டாம். வெண்பாஸ்பரஸ் கையாளத் தனிப்பயிற்சி தேவை.

அதே தர்க்கத்தைப் பயமில்லாமல் பார்க்க ஃபியூரான் இருக்கிறது. ஃபியூரானைக் கூண்டில் அடைத்து, மாலிமைடை நீரில் சேர்த்தால் டீல்ஸ்-ஆல்டர் வினை (டையீனும் டையீனோஃபைலும் சேர்ந்து வளையமாகும் வினை) நடக்காது. டையீனான ஃபியூரான் உள்ளே, டையீனோஃபைலான மாலிமைடு வெளியே. பென்சீன் சேர்த்தால் ஃபியூரான் வெளியே வந்து வினைபுரியும். இரண்டு குழாய்கள் ஒன்றாக வையுங்கள், ஒன்றில் பென்சீன், மற்றதில் இல்லை. மாலிமைடு பீக் எதில் தேய்கிறது என்று தினமும் பாருங்கள். மாலிமைடை ஃபியூரானைவிடச் சற்றுக் குறைவாகப் போடுவது நல்லது. உள்ளே போகாமல் மிஞ்சிய ஃபியூரான் எப்படியும் கொஞ்சம் வினைபுரியும். அதை முதல் வரைபடத்திலேயே அளந்து கழித்துவிட வேண்டும்.

அடைத்த கரைசலை மூடிய குழாயில் இருட்டில் வைத்தால் பல நாள் தாங்கும். திடக்கூண்டை உலர்பேழையில் வையுங்கள். கழிவை ஊதா நீர்தானே என்று தொட்டியில் ஊற்றக்கூடாது. பென்சிடீன் வழிச்சேர்மம் உள்ள கழிவு என்று சீட்டு ஒட்டித் தனிப் பாட்டிலில் சேருங்கள். பென்சீன் பட்ட குழாய்களைத் தனியாகக் கழுவவும்.